கார்ட் பந்தய இயந்திரத்தின் கதை



சில மாதங்களுக்கு முன்னர், பள்ளியில் பயிலும் என் பேரன் பழைய பந்தயப் படம் ஒன்றை எனக்குக் காட்டினான். ஐரோப்பாவில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு எடுத்த படம் அது. தரையை ஒட்டித் தாழ்ந்து கிடக்கும் சிறு வண்டிகள், குளவிக்கூடு கலைந்தாற்போன்ற இரைச்சலோடு ஒன்றையொன்று துரத்திச் சென்றன. நேரான பாதை முடிந்து வளைவு நெருங்கியது. இரு கைகளாலும் வண்டியின் வளையத்தை இறுகப் பற்றவேண்டிய அந்த நேரத்தில், முன்னே சென்ற இளைஞர் ஒரு கையை எடுத்துப் பின்புறமாக நீட்டி, இயந்திரம் காற்றை இழுக்கும் வாயை உள்ளங்கையால் ஒரு கணம் பொத்தினார். பிறகு கையை மீட்டுக்கொண்டு வளைவில் திரும்பினார். அவருக்குப் பின்னால் வந்தவரும் அவ்வாறே செய்தார்.

“தாத்தா, இவ்வளவு வேகத்தில் எதற்காகக் கையை எடுக்கிறார்கள்? வண்டி தடம் மாறிவிடாதா?” என்று பேரன் கேட்டான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்களின் வினாக்களுக்கு விடை கூறி வந்த எனக்கு, அந்த வினாவுக்கு விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு தேடிப் பார்ப்பதே ஆசிரியனுக்கு அழகு. தேடினேன். ஒரு கையசைவின் பொருளை அறியப் புகுந்த நான், ஒரு சிறிய இயந்திரத்தின் வரலாற்றையே படிக்க நேர்ந்தது. அதனைத் தங்களோடு பகிர்ந்துகொள்வதே இப்பேச்சின் நோக்கம்.

கார்ட் என வழங்கும் இவ்வண்டிக்கு மேற்கூடு இல்லை. அதிர்ச்சியைத் தாங்கும் வில்லும் இல்லை. எஃகுக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்த ஒரு சட்டம், நான்கு சிறு சக்கரங்கள், ஓர் இருக்கை, அதன் பக்கத்தில் ஓர் இயந்திரம், இவ்வளவே வண்டி. உலகப் போட்டிகளில் நெடுங்காலம் ஓடிய 100 கன சென்டிமீட்டர் வகையில் கியர்பெட்டியும் இல்லை, கிளட்சும் இல்லை. இயந்திரத்தின் சுழற்சி ஒரு சங்கிலி வழியாக நேரே பின் அச்சுக்குச் செல்லும். வண்டியைத் தள்ளி ஓடவிட்டால்தான் இயந்திரம் உயிர்பெறும். வண்டி நின்றால் இயந்திரமும் நின்றுவிடும். இந்தச் செய்தியை மட்டும் நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். கையசைவின் காரணம் இதில்தான் அடங்கியுள்ளது.

இவ்வண்டி பிறந்தது 1956ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில். கிளெண்டேல் நகரத்தில் கர்டிஸ் கிராஃப்ட் என்னும் பந்தயக்கார்த் தொழிற்கூடம் இருந்தது. 1950 முதல் 1955 வரையிலான ஆறு ஆண்டுகளில் ஐந்து முறை இண்டியனாபொலிஸ் 500 மைல் பந்தயத்தை வென்ற கார்கள் அத்தொழிற்கூடம் ஈன்றவையே. அங்கே பணியாற்றிய ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், லூ பொரெல்லி என்னும் நண்பரின் துணையோடு ஓய்வு நேரத்தில் முதல் கார்ட் வண்டியைச் செய்தார். அதற்கு அவர் தேடிக்கொண்ட இயந்திரம் புல்வெட்டும் பொறிக்காக உருவாகி, செலவாகாமல் தேங்கிக் கிடந்த வெஸ்ட் பெண்ட் இயந்திரம் ஆகும். அதன் ஆற்றல் இரண்டரைக் குதிரைத்திறன். இங்கெல்ஸ் உடல் கனத்த மனிதர். அவரைச் சுமக்க அந்த இயந்திரம் திணறியது. பொரெல்லி அதனைச் சீர்திருத்தி ஆற்றலைக் கூட்டினார். பின்னர்ப் பாசடீனா நகரின் ரோஸ் பவுல் விளையாட்டரங்கத்தை அடுத்த திறந்தவெளியில் இவ்வண்டியை ஓட்டிக் காட்டியபோது, கண்டவர்கள் தமக்கும் ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டனர்.

இத்தொடக்கத்தில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. ஒன்று, இவ்வண்டி எளியவர்க்கும் எட்டக்கூடிய மலிவான பொருளாகப் பிறந்தது. மற்றொன்று, பிறந்த அன்றே ‘இன்னும் கொஞ்சம் ஆற்றல் வேண்டும்’ என்ற அவாவும் அதனோடு பிறந்துவிட்டது. பின்வந்த வரலாறு முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையே நடந்த இழுபறியே எனலாம்.

இனி, அந்த இயந்திரத்தின் இயல்பைச் சற்றே காண்போம். டூ ஸ்ட்ரோக் என்று நம் மக்கள் வழங்கும் இருவீச்சு இயந்திரம் அது. இங்கிலாந்தில் பாத் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் டே என்னும் பொறியாளர் 1890ஆம் ஆண்டை ஒட்டி வகுத்த முறையே அதற்கு அடிப்படை. பிஸ்டன் மேலே ஏறும்போது அதன் கீழே உள்ள கிராங்க் அறை பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளிழுத்துக்கொள்கிறது. பிஸ்டன் இறங்கும்போது அக்கலவை அழுந்தி, சிலிண்டர்ச் சுவரிலுள்ள வழியாக மேலே செல்கிறது. மீண்டும் பிஸ்டன் ஏறி அதனை இறுக்க, பொறி பாய்ந்து வெடிப்பு நிகழ்கிறது. நான்கு வீச்சு இயந்திரத்தில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. இதிலோ ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. உறுப்புகள் குறைவு, எடை குறைவு, உருவத்துக்கு மிஞ்சிய ஆற்றல்.

ஆனால் இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. கிராங்க் அறையே கலவை செல்லும் வழியாகிவிட்டதால், மற்ற இயந்திரங்களைப்போல் அங்கே எண்ணெயைத் தேக்கிவைக்க இயலாது. எனவே பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றும் வழக்கம் ஏற்பட்டது. பெட்ரோல் வந்தால் எண்ணெயும் வரும். பெட்ரோல் நின்றால் எண்ணெயும் நிற்கும். உணவும் மருந்தும் ஒரே தொண்டை வழியாக ஒரே வாயில் இறங்குவது போன்றது இது.

இந்த உண்மையை நான் நூலிலிருந்து கற்கவில்லை. பணம் கொடுத்துக் கற்றேன். இளம் ஆசிரியனாக ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு நாள்தோறும் மொபெட்டில் சென்றுவந்த காலம் அது. பெட்ரோல் நிலையத்தில் எண்ணெய்க்கும் சேர்த்துப் பணம் கொடுப்பது எனக்கு வீண்செலவாகப் பட்டது. சம்பள நாளுக்கு முந்திய வாரங்களில் பாதி எண்ணெய் போதும் என்று சொல்லிவிடுவேன். வண்டியும் முன்னிலும் புகையின்றி ஓடியது. நானும் என் சிக்கனத்தை மெச்சிக்கொண்டேன். ஒரு கோடைப் பகலில், நேரான சாலையில் விரைந்து செல்லும்போது, இயந்திரம் ஒரு கீச்சொலியோடு இறுகி நின்றது. பின்சக்கரம் உருளாமல் தேய்ந்து இழுபட, நான் சாலையோரப் புழுதியில் விழுந்தேன். முழங்கையில் தோல் உரிந்ததோடு தப்பினேன். பின்னால் பேருந்து ஏதும் வரவில்லை என்பதே என் நல்வினை.

பழுது பார்த்தவர் பிஸ்டனைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அதன் பக்கங்களில் நீளவாக்கில் உழுத சால்கள் போன்ற கீறல்கள் இருந்தன. “வாத்தியாரய்யா, எண்ணெயில் மிச்சம் பிடித்தீர்களா?” என்றுதான் அவர் கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. மூன்று மாதங்களில் நான் மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு அன்று செலவாயிற்று.

மீண்டும் கார்ட் வண்டிக்கு வருவோம். புல்வெட்டும் இயந்திரத்துக்கு அடுத்து, மரம் அறுக்கும் சங்கிலி ரம்பத்தின் இயந்திரம் இவ்வண்டியில் ஏறியது. ரம்பம் செய்துவந்த மெக்குல்லக் நிறுவனம் 1959இல் எம்.சி.10 என்னும் இயந்திரத்தைக் கார்ட் வண்டிக்கென்றே வெளியிட்டது. ரம்பத்திலிருந்து வந்த மற்றொரு செல்வம் சவ்வு வகைக் கார்புரேட்டர். மரம் அறுப்பவன் ரம்பத்தைச் சாய்ப்பான், கவிழ்ப்பான். மிதவை வைத்த கார்புரேட்டர் அந்நிலையில் பெட்ரோலை ஒழுங்காகத் தராது. டில்லட்சன் போன்ற நிறுவனங்கள் செய்த சவ்வு வகையோ எப்படிச் சாய்த்தாலும் தரும். வில்லற்ற கார்ட் வண்டியின் குலுக்கலுக்கும் அதுவே பொருந்தியது. அதில் இரண்டு ஊசிகள் உண்டு. ஒன்று குறைந்த வேகத்துக்கும் மற்றொன்று மிகுந்த வேகத்துக்கும் பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்தும். ஊசியை உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். வெளியே திருகினால் கூடும்.

1960களில் இவ்விளையாட்டு ஐரோப்பாவில் வேரூன்றியது. 1962இல் பன்னாட்டுக் கார்ட் ஆணையம் தோன்றியது. 1964இல் நடந்த முதல் உலகப் போட்டியில் இத்தாலியரான குய்தோ சாலா வெற்றிபெற்றார். அதே காலத்தில் மோட்டார் சைக்கிள் உலகில் இருவீச்சு இயந்திரத்தைப் பற்றிய அறிவே மாறிக்கொண்டிருந்தது. கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். தொழிற்சாலையின் பொறியாளர் வால்டர் காடன், புகைக்குழாயில் எழும் அழுத்த அலைகளை ஆராய்ந்தார். குழாயை நடுவில் விரித்துப் பின் குறுக்கினால், வெளியேறும் புகையின் அலை எதிரொலியைப்போல் திரும்பி வந்து, தப்பி ஓடவிருந்த புதுக்கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும் என்பதைப் பயன்படுத்தி, 1961க்குள் 125 கன சென்டிமீட்டர் இயந்திரத்திலிருந்து 25 குதிரைத்திறனைப் பெற்றார். அந்த ஆண்டு அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடன் பந்தயத்தின்போது மேற்கே தப்பிச் சென்று, பின் ஜப்பானின் சுசுகி நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே சுசுகியில் ஏறி 50 கன சென்டிமீட்டர் பிரிவின் உலக வாகையைச் சூடினார். காடனின் நுட்பம் உலகெங்கும் பரவியது. கார்ட் வண்டியின் இருக்கைக்குப் பக்கத்தில் வயிறு பருத்துத் தோன்றும் புகைக்குழாய் அந்த மரபில் வந்ததே.

ஆற்றல் பெருகப் பெருகச் சுழற்சியின் வேகமும் பெருகியது. நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் ஒரு நொடிக்கு 200 சுற்று. பத்து நிமிடப் பந்தயத்தில் பிஸ்டன் 1,20,000 முறை ஏறி இறங்குகிறது. வார்ப்பிரும்புச் சிலிண்டருக்கும் அலுமினியப் பிஸ்டனுக்கும் இடையே உள்ள இடைவெளியோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது. சூடேறினால் அலுமினியம் இரும்பைவிட மிகுதியாக விரியும். அந்த இடைவெளியை எண்ணெய்ப் படலம் ஒன்றே காக்கிறது.

பழைய பந்தய வீரர்கள் இதற்கு விரும்பிய எண்ணெய் எது தெரியுமா? நம் பாட்டிமார் விளக்குக்கு ஊற்றியதும், பேதிக்கெனச் சிறுவர் வாயில் ஊற்றி நம்மை அலறவைத்ததுமான ஆமணக்கெண்ணெய்தான்! கடும் வெப்பத்திலும் அது உலோகத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும். அவ்வெண்ணெயின் ஆங்கிலப் பெயரான காஸ்டர் என்பதிலிருந்து பிறந்ததே காஸ்ட்ரோல் என்னும் வணிகப் பெயர். ஆமணக்கு விளைச்சலில் உலகில் முதலிடம் வகிப்பது நம் இந்தியா. ஆயினும் இவ்வெண்ணெய்க்கும் குறை உண்டு. பெட்ரோலோடு எளிதில் கலந்து நிற்காது; பிசினாகப் படிந்து உறுப்புகளை ஒட்டவைக்கும். ஆகவே அதனைப் புதிதாகக் கலந்து, நன்கு குலுக்கி, அன்றே பயன்படுத்தி, ஓட்டம் முடிந்ததும் இயந்திரத்தைத் துப்புரவு செய்தல் வேண்டும்.

இப்பொழுது என் பேரனின் வினாவுக்கு விடை கூறலாம். நேர்ப்பாதையின் முடிவில் இயந்திரம் உச்ச வேகத்தில் சுழல்கிறது. பிஸ்டன் உச்ச வெப்பத்தில் இருக்கிறது. வளைவுக்காக ஓட்டுநர் மிதியிலிருந்து காலை எடுத்தால் கார்புரேட்டரின் வாயில் மூடிக்கொள்ளும். கலவை நின்றுவிடும். ஆனால் கிளட்ச் இல்லையே! உருளும் சக்கரங்கள் சங்கிலி வழியாக இயந்திரத்தை அதே வேகத்தில் சுழற்றிக்கொண்டே இருக்கும். குளிர்விக்கப் பெட்ரோலும் இல்லை. வழுக்கிச் செல்ல எண்ணெயும் இல்லை. சுழற்சி மட்டும் நிற்கவில்லை. அந்த ஓரிரு நொடிகளில் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பற்றிக்கொண்டால் பின் அச்சு பூட்டியதுபோல் நிற்கும். வண்டி பின்வருவோர்க்குக் குறுக்கே சுழன்றுவிடும். இதனை முன்னறிந்த வீரர், காலை எடுப்பதற்குச் சற்று முன்னரே கையால் காற்று வாயைப் பொத்துகிறார். காற்றுக்குத் தடை உண்டானதும் இயந்திரத்தின் உறிஞ்சல் மிகுதியான பெட்ரோலை இழுக்கிறது. அதனோடு எண்ணெயும் வருகிறது. வறட்சிக்கு முன்னே ஒரு வாய் நீர் ஊட்டுவது போன்றது அச்செயல். புழுதியில் விழுந்த எனக்கு அந்த இளைஞரின் உள்ளங்கை அறிந்திருந்தது தெரியாமல் போயிற்று.

இவ்வியந்திரத்தை நன்கு ஓட்டுவதற்கான முறைகள் யாவும் இந்த ஓர் அறிவிலிருந்தே கிளைத்தவை. முதலாவது, கலவையின் அளவு. பழைய 100 கன சென்டிமீட்டர் இயந்திரங்களுக்குப் பெட்ரோல் 16 பங்கு முதல் 25 பங்கு வரைக்கு எண்ணெய் ஒரு பங்கு சேர்ப்பார்கள். கண்ணளவு உதவாது, அளவுக் குவளை வேண்டும். எண்ணெயைக் கூட்டிவிட்டால் தீங்கில்லை என்று எண்ணுவதும் பிழை. எண்ணெய் கூடிய அளவுக்கு அக்கலவையில் பெட்ரோல் குறைகிறது. ஊசியைத் திருத்தாவிட்டால் எரிபொருள் வறண்டு வெப்பம் மிகும்.

இரண்டாவது, காற்றை அறிதல். குளிர்ந்த காலைக் காற்று செறிவானது. அதற்குப் பெட்ரோல் மிகுதியாக வேண்டும். நண்பகல் வெப்பத்தில் காற்று நெகிழ்கிறது. பெட்ரோலைக் குறைக்க வேண்டும். பிற்பகலில் சரியாக இருந்த ஊசியை மறுநாள் காலை அப்படியே விட்டு ஓடுபவன் இயந்திரத்தை இழப்பான்.

மூன்றாவது, ஸ்பார்க் பிளக்கின் நிறம். ஓட்டம் முடிந்து கழற்றிப் பார்த்தால் அது கருத்து ஈரமாக இருப்பின் பெட்ரோல் மிகுதி. வெளுத்துச் சாம்பல் பூத்திருப்பின் பெட்ரோல் குறைவு; ஆபத்து அருகில் உள்ளது. பால் கலந்த காபியின் நிறமே நலத்தின் அடையாளம். மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது போன்றது இச்சோதனை. இங்கே ஒரு மயக்கமும் உண்டு. பெட்ரோலைச் சற்றே குறைக்கும்போது வண்டி முன்னிலும் விரைவாக ஓடுவதுபோல் தோன்றும். உண்மையில் சில சுற்றுகள் விரைவாகவே ஓடும். என் மொபெட்டும் புகையின்றி அழகாகத்தான் ஓடியது!

நான்காவது, புதுப் பிஸ்டனைப் பழக்குதல். புதிய பிஸ்டனைப் போட்டவுடன் முழு வேகம் கேட்கலாகாது. வளமான கலவையில், வேகத்தை ஏற்றியும் இறக்கியும் சிறிது நேரம் ஓட்டி, ஆறவிட்டு, மீண்டும் ஓட்டிப் படிப்படியாகச் சூட்டுக்குப் பழக்குவர். முதல் வகுப்புக் குழந்தைக்கு முதல் நாளே பெருக்கல் வாய்பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர் உண்டோ?

ஐந்தாவது, குறிப்பேடு. தேர்ந்த பணியாளர் எவரும் நினைவை நம்புவதில்லை. இயந்திரம் ஓடிய நேரம், அன்றைய வெப்பநிலை, ஊசிகளின் திருகல், பின் பற்சக்கரத்தின் பல் எண்ணிக்கை, பிளக்கின் நிறம் ஆகியவற்றைக் குறித்துவைப்பர். பிஸ்டனும் தாங்கிகளும் பழுதான பிறகு மாற்றாமல், இத்தனை மணி ஓடியதும் மாற்றுவது என்று கணக்கு வைத்திருப்பர். காற்று வடிகட்டியின் தூய்மையும், சங்கிலி நேர்கோட்டில் அமைவதும் ஒவ்வோர் ஓட்டத்துக்கு முன்னும் பார்க்கவேண்டியவை.

வரலாற்றின் பிற்பகுதி சிந்தனைக்குரியது. ஆற்றலின் மீதுள்ள அவா அடங்கவில்லை. நூற்றாண்டின் இறுதியில் உயர்நிலைப் போட்டிகளின் 100 கன சென்டிமீட்டர் இயந்திரங்கள் நிமிடத்துக்கு 20,000 சுற்றுகளைத் தாண்டின. அவ்வேகத்தில் உறுப்புகளின் ஆயுள் மிகக் குறுகியது. அடிக்கடி பிரித்துப் புதுப்பிக்கப் பணம் வேண்டும். தேங்கிக் கிடந்த புல்வெட்டி இயந்திரத்தில் பிறந்த விளையாட்டு, செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டாக மாறத் தொடங்கியது. திறமை இருந்தும் தந்தையின் பணப்பை தீர்ந்ததால் விலகிய சிறுவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாது.

இதற்கு மாற்றுத் தேடினர். ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் நிறுவனம் 1997இல் வெளியிட்ட 125 கன சென்டிமீட்டர் இயந்திரத்துக்கு முத்திரை இடும் முறையைக் கொண்டுவந்தது. உரிமை பெற்ற பணிமனையன்றி வேறெவரும் அதன் உட்புறத்தைத் திறந்து மாற்றம் செய்தால் போட்டியில் இடமில்லை. உலகப் போட்டிகளில் 2007 முதல் 125 கன சென்டிமீட்டர் இயந்திரமும் சுழற்சிக்கு மின்வழி வரம்பும் வந்தன. கிளட்சும் தொடக்கிப் பொறியும் சேர்ந்த அந்த இயந்திரங்கள் எடையும் சிக்கலும் மிகுந்தவை என்ற குறை எழவே, 2016இல் அவற்றை நீக்கி, மீண்டும் தள்ளி ஓடவிடும் எளிய வகைக்கே திரும்பினர். ஆனால் சுழற்சியின் வரம்பை மட்டும் கைவிடவில்லை. முதுநிலைப் பிரிவுக்கு அதனை 16,000 என வைத்தனர். வேகத்தைத் தேடி அறுபது ஆண்டுகள் ஓடியவர்கள், இறுதியில் வேகத்துக்கு ஓர் எல்லை கட்டியதால் விளையாட்டைக் காத்துக்கொண்டனர்.

பிரேசில் நாட்டின் அயர்டன் சென்னா பின்னாளில் 1988, 1990, 1991 ஆகிய ஆண்டுகளில் ஃபார்முலா ஒன் உலக வாகையரானவர். அவர் தம் பதின்மூன்றாம் வயதில் 1973இல் கார்ட் பந்தயத்தில் இறங்கினார். உலகக் கார்ட் போட்டியில் 1979இலும் 1980இலும் இரண்டாம் இடமே அவருக்குக் கிட்டியது. அப்பட்டத்தை அவர் ஒருநாளும் பெறவில்லை. ஆயினும் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டு அதன் நிலையை அறியும் பயிற்சியைச் சிறு வயதிலேயே தருவது இந்தப் பள்ளிதான்.

இவற்றையெல்லாம் என் பேரனுக்கு விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியென்றால், பிரேக் பிடிப்பதற்கு முன்பே இயந்திரத்தைப் பற்றி நினைக்கவேண்டும், அப்படித்தானே தாத்தா?” என்றான். ஆம் என்றேன். பின்னர் அவன் படத்தை மீண்டும் ஓடவிட்டான். வளைவு நெருங்கியது, கை பின்னே சென்றது, உள்ளங்கை ஒரு கணம் பொத்தியது. இம்முறை என் பேரன் விழுந்துவிடுவார்களா என்று கேட்கவில்லை. தன் வலக்கையை மெல்லப் பின்னே நீட்டி, அந்தக் கணத்தைப் பழகிப் பார்த்தான்.